பலரறியாக் கட்டற்ற மென்பொருள்கள்: ஒரு வரலாற்று நோக்கு

கல்விக்குக் கருவி இன்றியமையாதது. ஏடும் எழுத்தாணியும் ஒரு காலத்தில் அக்கருவிகளாயிருந்தன. பின்னர் அச்சும் தாளும் அவ்விடத்தைப் பெற்றன. இன்று கணினியும் அவற்றோடு வந்து சேர்ந்துள்ளது. ஆயின், முன்னைய கருவிகளுக்கும் பின்வந்த கருவிக்குமிடையே ஒரு வேறுபாடுண்டு. எழுத்தாணியை வாங்கியவன் அதனைத் தன் விருப்பம்போற் கூராக்கலாம்; பழுதுற்றால் ஊர்க் கொல்லனிடம் கொடுத்துத் திருத்தலாம்; அதனால் எழுதிய ஏட்டினைப் பிறர் பெயர்த்தெழுதக் கொடுக்கலாம். கணினியை இயக்கும் மென்பொருளை விலைகொடுத்துப் பெற்றவனோ, பெரும்பாலும் அதன் உள்ளமைப்பைப் பார்க்கவும், திருத்தவும், அயலவனுக்குக் கொடுக்கவும் உரிமையற்றவனாகவே இருக்கின்றான். பணம் கொடுத்தும் அவன் பெற்றது பயன்படுத்தும் அனுமதியேயன்றிப் பொருளன்று.

இந்நிலைக்கு மாறாக எழுந்ததே கட்டற்ற மென்பொருள் இயக்கம். அதன் பெரும்பெயர்கள் சிலவற்றை நம் மாணவர் அறிவர். லினக்ஸ், பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் என்பன செவிக்குப் பழகியவை. அவ்வளவு பேசப்படாதனவாயினும், பாடசாலை, நூலகம், வைத்தியசாலை முதலிய பொதுநிலையங்களுக்குப் பெரும்பயன் விளைப்பன வேறு பல உள. அவற்றுட் சிலவற்றின் பிறப்பு வரலாற்றை எடுத்துரைத்து, அவை நம்மால் ஏற்கத்தக்கன எனக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு கருவியின் தகுதி அதன் புகழில் இல்லை. ஆக்கியோன் கைவிட்ட பின்னும் அது வாழவல்லதா என்பதிலேயே தங்கியுள்ளது. இவ்வரலாறுகள் உணர்த்தும் முடிபு இதுவே.

சொல்லும் பொருளும்

மென்பொருளுக்கு இருவடிவங்கள் உண்டு. ஆக்குவோன் எழுதுவது மூலநிரல். அது மனிதர் வாசித்து விளங்கத்தக்கது. பொறி ஏற்கும் வண்ணம் மாற்றப்பட்டது மற்றையது. அதனை வாசித்துப் பொருள் கொள்ளுதல் மிக அரிது. மூலநிரலை மறைத்து மற்றையதை மட்டும் கொடுத்தல், மூலபாடத்தைப் பூட்டி வைத்துப் பொழிப்புரையை மாத்திரம் விற்பதனை ஒக்கும். கட்டற்ற மென்பொருள் எனப்படுவது நான்கு உரிமைகளைப் பயனாளருக்கு அளிப்பது. எந்நோக்கத்துக்கும் இயக்கும் உரிமை, மூலநிரலைக் கற்று மாற்றும் உரிமை, படியெடுத்துப் பிறர்க்கு அளிக்கும் உரிமை, தான் திருத்திய வடிவத்தையும் பிறர்க்கு அளிக்கும் உரிமை என்பனவே அவை.

ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் உணர்த்துதலால் அங்கே பெருமயக்கம் எழுந்தது. தமிழில் அம்மயக்கத்துக்கு இடமில்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. விலையின்றிக் கிடைத்தும் மூலநிரல் மறைக்கப்பட்ட மென்பொருள்கள் பல உள. அவை இலவசமானவையேயன்றிக் கட்டற்றவை ஆகா.

மறைப்பினால் விளையும் இடர் எத்தகையது என்பதனை நம் அனுபவமே காட்டும். ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட ஆவணங்கள் நம் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் ஏராளமாக உள. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற உரோமன் எழுத்துக்களே தோன்றும். எல்லோர்க்கும் பொதுவான ‘யுனிக்கோட்’ முறையில் எழுதப்பட்டனவோ எக்கணினியிலும் வாசிக்கத்தக்கன. பொதுமையில் அமையாத வடிவத்தில் வைத்த செல்வம் திறப்பில்லாப் பெட்டகத்துள் வைத்ததனோடொக்கும்.

இயக்கத்தின் தோற்றம்

மென்பொருளைப் பகிர்தல் புதுவழக்கமன்று. 1955இல், ஐ.பி.எம். 704 என்னும் கணினியைப் பயன்படுத்திய நிறுவனங்கள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பகுதியிற் கூடி, தாம் எழுதிய நிரல்களை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்வதற்கு ஓர் அமைப்பை நிறுவின. அக்காலத்தில் விலைமதிப்புடையதாகக் கருதப்பட்டது பொறியே; நிரல் அதனோடு வருவது. 1969இல் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்கும் பொறிக்கும் வெவ்வேறு விலை குறிக்கப்போவதாக அறிவித்தது. 1976இல் பில் கேற்ஸ், தம் நிறுவனத்தின் நிரலை விலைகொடாது படியெடுத்த கணினி ஆர்வலரைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதமொன்று எழுதினார். பகிரப்பட்ட பொருள் விற்பனைப் பண்டமாக மாறிய வரலாற்றை இவ்விரு நிகழ்ச்சிகளும் குறிக்கின்றன.

மாற்றத்தை எதிர்த்தெழுந்தவர் றிச்சட் ஸ்ரோல்மன். மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் அவர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பயனாளருக்கு அறிவிக்கும் வண்ணம் அதன் நிரலை அவர் மாற்றியமைத்திருந்தார். பின்னர் வந்த புதிய அச்சுப்பொறியின் மூலநிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் கேட்டபோது, வெளியிடேன் என ஒப்பந்தம் செய்துள்ளேன் என அவர் மறுத்துவிட்டார். தாள் சிக்குதல் சிறு இடரே. ஆயினும் அறிஞர் ஒருவர் மற்றோர் அறிஞர்க்கு உதவுதல் குற்றமாயிற்று என்னும் உண்மை ஸ்ரோல்மனின் உள்ளத்தைத் தைத்தது. 1983 செப்ரெம்பரில் ‘குனூ’ என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் பொதுமக்கள் உரிமம் வெளிவந்தது. ஆக்கியோனின் பதிப்புரிமையைக் கொண்டே படிப்போரின் உரிமையைக் காத்தது அவ்வுரிமத்தின் நுட்பமாகும். பெற்றவன் அதனைத் திருத்திப் பிறர்க்கு வழங்கலாம்; ஆயின் தான் பெற்ற உரிமைகளைத் தன்னிடம் பெறுபவனுக்கு மறுத்தலாகாது.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டில் அதுவும் இவ்வுரிமத்தின்கீழ் வந்தது. 1998இல் ‘திறந்த மூலம்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. இவை பலரும் அறிந்தவை. இனிப் பலரறியாதவற்றை நோக்குவோம்.

நூலகத்திற் பிறந்த கொடை

நியூசிலாந்தின் லெவின் என்னும் சிறுநகரில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை இருந்தது. 1999ஆம் ஆண்டில் அந்நூலகத்தார் இக்கட்டுக்கு உள்ளாயினர். அவர்கள் பயன்படுத்திய நூலக மென்பொருள் 2000ஆம் ஆண்டினை ஏற்கும் ஆற்றலற்றதாயிருந்தது. சந்தையிற் கிடைத்தவை அவர்தம் தேவைக்கும் வசதிக்கும் பொருந்தவில்லை. ஆகவே றோசலி பிளேக் தலைமையிலான நூலகத்தார், வெலிங்ரனிலிருந்த சிறு நிறுவனமொன்றைக் கொண்டு புதியதொன்றை ஆக்குவித்தனர். அதனை எழுதியோருள் முதன்மையானவர் கிறிஸ் கோமக். 2000 ஜனவரித் தொடக்கத்தில் அது நூலகத்தில் இயங்கலாயிற்று. அதற்குச் சூட்டிய பெயர் ‘கோஹா’. மாவோரி மொழியிற் கொடை என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப, பொதுமக்கள் உரிமத்தின்கீழ் அதனை உலகுக்கு வழங்கினர்.

சிறிய நூலகம் தன் செலவில் ஆக்கியதனை வாளா கொடுத்தல் பேதைமையன்றோ எனச் சிலர் வினவலாம். விடை பின்வந்த வரலாற்றில் உள்ளது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து நெல்சன்வில் பொது நூலகம், நூலகர்கள் உலகெங்கும் கையாளும் ‘மார்க்’ என்னும் பதிவுமுறையைக் கோஹாவிற் சேர்ப்பதற்குப் பொருளுதவி செய்தது. பிரான்சு நாட்டவரும் அப்பணியிற் பங்குகொண்டனர். லெவின் நகரம் தனியே பெறமுடியாத திருத்தங்கள் யாவும் அதன் நூலகத்துக்கு மீண்டு வந்தன. கொடுத்தவன் இழக்கவில்லை, பெருக்கிப் பெற்றான்.

இடையூறும் நேர்ந்தது. 2011இல், ஓர் அமெரிக்க நிறுவனம் நியூசிலாந்தில் ‘கோஹா’ என்னும் பெயரை வணிகக்குறியாகத் தனக்கு ஆக்கிக்கொள்ள முற்பட்ட செய்தி பெருங்கிளர்ச்சியை எழுப்பியது. உலகெங்குமுள்ள நூலகர்கள் லெவின் நூலகத்துக்கு ஆதரவாக நின்றனர். அம்முயற்சி ஈற்றில் நிலைபெறவில்லை. பெயரைக் கவர முயலலாம். உரிமத்தாற் காக்கப்பட்ட மூலநிரலை எவராலும் கவர்தல் இயலாது. இலங்கையின் பல்கலைக்கழக நூலகங்கள் சிலவும் இன்று கோஹாவைக் கையாளுகின்றன.

ஆழிப்பேரலையிற் பிறந்த துணை

இரண்டாவது வரலாறு நம் நாட்டுக்குரியது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. வடக்கு, கிழக்கு, தெற்குக் கரைகள் ஒருங்கே அழிந்தன. உதவ வந்த நிறுவனங்கள் பல. ஆயின் எம்முகாமில் எவர் உளர், காணாமற்போனோர் யாவர், எவ்விடத்துக்கு எப்பொருள் தேவை, எந்நிறுவனம் எங்கே பணியாற்றுகின்றது என்பவற்றை ஒருங்கே அறியும் வழி இல்லை. ஓரிடத்தில் உடை குவிய, மற்றோரிடத்தில் மருந்து இல்லாதிருத்தல் இத்தகைய வேளைகளில் இயல்பே.

இக்குறையைக் கண்ட இலங்கை மென்பொருட்டுறையினர் தன்னார்வலராக ஒன்றுகூடி, சில வாரங்களுள் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதுவே ‘சஹானா’, சிங்களத்தில் நிவாரணத்தைக் குறிக்கும் சொல்லினின்றும் வந்த பெயர் அது. காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, நிறுவனங்களின் பதிவேடு, உதவிக் கோரிக்கைகளின் பதிவேடு என்பன அதன் உறுப்புகள். லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதனை ஏற்று வளர்த்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூக நலன் விருதினைச் சஹானாவுக்கு வழங்கிற்று. நம் கரையில் அழுகுரல் ஓயுமுன் ஆக்கப்பட்ட கருவி, பிற நாட்டார் துயரையும் தணிக்கச் சென்றது என்பதனை நம் மாணவருட் பலர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் சுகாதாரத் தகவல் மென்பொருள். தென்னாபிரிக்காவில் நிறவொதுக்கல் ஆட்சி 1994இல் ஒழிந்தபின், சுகாதாரத் துறையைச் சமத்துவ நெறியிற் சீரமைக்க எழுந்த முயற்சியே அதன் வித்து. ஒஸ்லோப் பல்கலைக்கழகம் அதனைப் புதுக்கி வளர்த்தது. புதிய வடிவம் 2006இற் கேரளத்தில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கொரோனா நோய் பரவியபோது, இலங்கைச் சுகாதாரத் துறையினரும் உள்ளூர் மென்பொருள் வல்லுநரும் வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிக்கும் பகுதியொன்றைச் சில நாள்களுள் அதன்மேல் அமைத்தனர். பின்னர் வேறு பல நாடுகள் அதனை அடியொற்றின. மூலநிரல் அந்நியன் கையிற் பூட்டப்பட்டிருப்பின், அவ்விரைவு இயலாததாகும்.

மறைந்து மீண்டெழுந்த நிரல்

அச்சிட்ட பக்கத்தின் படத்தைக் கணினி வாசித்து எழுத்தாக மாற்றுதல் எழுத்துணரி எனப்படும் மென்பொருளின் தொழில். ‘ரெசறக்ற்’ என்பது அவற்றுள் ஒன்று. ஹியூலெற் பக்கார்ட் நிறுவனம் 1985 தொடக்கம் 1994 வரை பிறிஸ்ரல் முதலிய இடங்களிலுள்ள தன் கூடங்களில் அதனை ஆக்கியது. றே சிமித் என்பார் அதன் முதல்வர். 1995இல் நெவாடாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகாஸ் பிரிவு நடத்திய தேர்வில் அது முன்னணியில் நின்றது. எனினும், அது விற்பனைப் பண்டமாக வெளிவரவில்லை. பத்தாண்டுகள் பேழையிற் கிடந்தது.

2005இல் அதன் மூலநிரல் கட்டற்றதாக வெளியிடப்பட்டது. 2006 முதற் கூகிள் நிறுவனம் அதன் வளர்ச்சிக்குப் பலவாண்டுகள் துணைநின்றது. 2018இல் வந்த நான்காம் பதிப்பு, நரம்பு வலையமைப்பு முறையால் நூறுக்கு மேற்பட்ட மொழிகளை வாசிக்கும் ஆற்றல் பெற்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. தொடக்கத்தில் ஆங்கிலம் ஒன்றையே அறிந்த நிரல், தமிழையும் வாசிக்கலாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. மறைத்து வைத்திருந்தால் அது ஆக்கியோரோடு மாய்ந்திருக்கும். விடுவித்தமையால் அது வாழ்கின்றது.

நமக்கு இதனாலாகும் பயன் பெரிது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. ஓரிடத்தில் ஒரே படியாக இருக்கும் அறிவு எத்துணை நொய்யது என்பதனை நமக்கு விளக்க வேறு சான்று வேண்டா. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணிவருகின்றது. அதன் தளம் ‘மீடியாவிக்கி’ என்னும் கட்டற்ற மென்பொருளால் இயங்குவது. விக்கிப்பீடியாவுக்கென 2002இல் எழுதத் தொடங்கிய அம்மென்பொருளை, வேறெவர் அனுமதியையும் வேண்டாது நம்மவர் தம் பணிக்கு ஆக்கிக்கொண்டனர்.

ஆயினும் எழுத்துணரியை முற்றும் நம்புதலாகாது. ரகரமும் காலும் மயங்கும். பழைய அச்சிலுள்ள ணா, றா, னா, லை முதலிய எழுத்துக்களின் முன்னை வடிவங்கள் அதற்கு இடர் விளைக்கும். மங்கிய தாளில் புள்ளி தோன்றாதொழியும். ஒப்புநோக்கித் திருத்துவோரின் உழைப்பு இங்கும் இன்றியமையாதது.

பாடசாலைக்குரிய இரண்டு

இணைய வசதியற்ற பாடசாலைக்கு மிக உகந்தது ‘கிவிக்ஸ்’. 2007இல் எமானுவேல் எங்கல்ஹார்ட் முதலியோரால் தொடங்கப்பட்டு, சுவிற்சர்லாந்தை நிலைக்களனாகக் கொண்டு வளர்ந்தது அது. விக்கிப்பீடியா போன்ற பெருந்தொகுதியை ஒரே கோப்பாகச் சுருக்கிக் கணினியிலோ கைப்பேசியிலோ வைத்து, இணையமின்றியே வாசிக்க அது வழிசெய்கின்றது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையும் அவ்வாறு பெறலாம். ஒருமுறை பெற்ற கோப்பினைப் பல கணினிகளுக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், கட்டணமுமில்லை, சட்டத்தடையுமில்லை.

மற்றையது ‘சொட்டேரோ’. அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்றுத்துறை ஆய்வு நிலையமொன்றிலிருந்து 2006இல் அது வெளிவந்தது. வாசித்த நூல், கட்டுரை ஆகியவற்றின் விவரங்களைச் சேர்த்து வைத்தலும், கட்டுரை எழுதுங்கால் அவற்றை உரிய முறையில் எடுத்தாளுதலும் அதன் தொழில். வரலாற்று ஆசிரியர் தம் தேவைக்காக ஆக்குவித்தமையால், ஆய்வாளன் எங்கெங்கே இடர்ப்படுவான் என்பதனை அறிந்து அமைக்கப்பட்டது அது. உயர்தர வகுப்பு மாணவர் தம் செயற்றிட்டங்களுக்கு இதனைக் கையாளப் பழகின், தாம் எடுத்துக்கொண்டது எவர் கருத்து என மறவாது குறிக்கும் நற்பழக்கமும் உடன்வரும்.

தடைகளும் விடைகளும்

கட்டற்ற மென்பொருளுக்குப் பொறுப்பாளர் எவருமிலர் என்பது பெரிதும் எடுத்துரைக்கப்படும் தடை. அதில் உண்மையில்லாமலில்லை. இணையத்திற் செய்திகளை மறைகுறியாக்கும் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்னும் நிரலிற் கொடிய பிழையொன்று 2012 முதல் இருந்து 2014இல் வெளிப்பட்டது. உலகின் பெருநிறுவனங்கள் பல அதனைப் பயன்படுத்தின. பேணியவரோ மிகச் சிலர். 2024 மார்ச்சில் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் சுருக்கு நிரலில் வஞ்சகன் ஒருவன் கள்ளவழி புகுத்தியமை வெளிப்பட்டது. தனியொருவராக அந்நிரலைப் பேணிவந்த தன்னார்வலரின் களைப்பைப் பயன்படுத்தி, ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கை வளர்த்து, அவன் அதனைச் செய்தான். ஆயின் அதனைக் கண்டுபிடித்தது எங்ஙனம்? அந்திரேஸ் பிறாய்ண்ட் என்னும் பொறியியலாளர், தம் கணினியில் ஒரு செயல் அரைவிநாடி தாமதிப்பதைக் கண்டு ஐயுற்று, மூலத்தைத் துருவி ஆராய்ந்து உண்மையை வெளியிட்டார். மூலம் மறைந்திருப்பின் அவ்வாராய்ச்சிக்கே இடமிராது. கட்டற்றது என்றால் பேணுதல் வேண்டாதது என்பது பொருளன்று. பேணும் உரிமை எல்லோர்க்கும் உண்டு என்பதே பொருள்.

புகழ்பெற்ற மென்பொருளின் திருட்டுப்படி எளிதிற் கிடைக்கும்போது இவை எதற்கு என்பது மற்றொரு தடை. களவு பிழையென வகுப்பிற் கற்பித்துவிட்டு, கணினி அறையிற் களவாடிய நிரலைக் கையாளுதல் ஆசிரியர்க்கு அழகன்று. அத்தகைய படிகளோடு நோய்நிரல்களும் புகுதல் உண்டு. நேர்மையான வழி விலையின்றியே திறந்திருக்க, வேறு வழி நாடுதல் அறியாமையின் பாற்படும்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். கோஹா ஒரு நூலகத்தின் தேவையாற் பிறந்தது. சஹானா ஒரு நாட்டின் துயராற் பிறந்தது. சொட்டேரோ வரலாற்றாசிரியரின் வேலைப் பழக்கத்தாற் பிறந்தது. ரெசறக்ற் ஆக்கிய நிறுவனம் கைவிட்ட பின்னும் பிழைத்தது. இவற்றை உயர்த்தியது விளம்பரமன்று. கற்கவும் திருத்தவும் பகிரவும் உள்ள உரிமையே.

ஒரு மென்பொருளை ஏற்குமுன் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. அதன் உரிமம் யாது? அண்மைக் காலத்திலும் அது பேணப்படுகின்றதா? நாம் சேர்த்த தரவுகளைப் பொதுவடிவில் வெளியே எடுக்க இயலுமா? இடர்ப்பட்டால் கேட்டறிய ஒரு கூட்டம் உளதா? இவ்வினாக்களுக்கு நல்விடை தருவதனை, அது புகழற்றதாயினும் துணிந்து ஏற்கலாம்.

எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதலே முறை. கிவிக்ஸை ஒரே நாளில் நிறுவலாம். சொட்டேரோவைச் சில பாடவேளைகளிற் பழக்கலாம். பழைய ஆண்டு மலர்களைப் படமெடுத்து, ரெசறக்ற் கொண்டு எழுத்தாக்கி, மாணவர் குழுவாற் பிழைதிருத்துவித்தல் ஓராண்டுப் பணியாகும். கோஹாவை நிறுவிப் பேணுவதற்குத் தேர்ந்தவர் வேண்டும். இங்கேயே பழைய மாணவர்களின் துணை தேவைப்படுகின்றது. கணினித் துறையிற் சிறந்து பல நாடுகளில் வாழும் அவர்கள், பொருளுதவியோடு ஆண்டிற் சில நாள்களின் உழைப்பையும் தாம் பயின்ற கல்லூரிக்கு அளிப்பாராயின், அவர் செய்யும் திருத்தமும் தமிழாக்கமும் இக்கல்லூரிக்கு மட்டுமன்றி உலகெங்குமுள்ள தமிழ்ப் பாடசாலைகளுக்கும் உரியனவாகும். லெவின் நகரத்தார் தம் சிறிய நூலகத்துக்கெனச் செய்தது உலகுக்குக் கொடையாயிற்று. நம் கைப்பணியும் அவ்வாறே பயன்படுதல் கூடும். தொடங்குதலே நம் கடன்.